தன் முகத்தோடு பேசியவர்

எவாரிஸ்தோ மல்பேத்தி வாயைத் திறந்தால் ரோம் நகரத்து சினிமாக் கொட்டகைகளில் பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். அவரே தெருவில் நடந்து போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு வெளிநாட்டு நட்சத்திரத்துக்கு இத்தாலியக் குரல் அவர்தான். நானும் அதே டப்பிங் கூடத்தில்தான் பிழைத்தேன். போலீஸ்காரன், பாதிரியார், குடிகாரன் என்று எனக்குத் துண்டு துக்கடாக் குரல்கள்.

சொந்த ஊரான ஃபெராராவில் நாடகக்காரராக இருந்த எவாரிஸ்தோ, குழு கலைந்ததும் ரோமுக்கு வந்து குரலால் சாப்பிட்டார். ஒரு வருடம் அந்த நட்சத்திரமே இத்தாலியில் படம் எடுக்க வந்தார். எவாரிஸ்தோவுக்கு அதில் படகுக்காரன் வேடம். அவருடைய ஊருக்குப் பக்கத்து ஆற்றில், மூடுபனிக்குள், இருவரும் ஆளுக்கொரு மொழியில் பேசி நடித்தார்கள்.

டப்பிங் அன்று இயக்குநர் சொன்னார்: "நட்சத்திரத்துக்கு எவாரிஸ்தோ. படகுக்காரனுக்கு நெல்லோ."

நெல்லோ நான்தான்.

"படகுக்காரன் நானாச்சே!" என்றார் எவாரிஸ்தோ.

"ரெண்டு பேரும் ஒரே குரல்ல பேசினா ஜனங்க சிரிக்க மாட்டாங்களா?"

விளக்கு அணைந்தது. திரை முழுக்கப் பனி. அதற்குள்ளிருந்து படகுக்காரனான எவாரிஸ்தோவின் முகம் மிதந்து வந்தது.

"என்னை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போவியா?" என்று அந்த முகத்தைப் பார்த்தே கேட்டார் எவாரிஸ்தோ.

"பனி கலையட்டும், ஐயா," என்று அந்த முகத்துக்காக நான் சொன்னேன்.

திரும்பத் திரும்ப எடுத்தோம். ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரையில் தெரிந்த தன் உதட்டையே பார்த்து நின்றார்.

வெளியே வந்ததும், "டேய், என் வாயை வாடகைக்கு எடுத்தவனே, ஒரு காபியாவது வாங்கிக் கொடு," என்றார். சிரித்தார், கண் சிரிக்கவில்லை.

படம் வந்தபோது அவர் மனைவி ஜாய்ரா இருட்டில் அவர் காதோரம் கேட்டாள்: "இதுல என் புருஷன் யாரு? துடுப்புப் போடறவனா, உட்கார்ந்திருக்கறவனா?"

 திபேர் ஆற்றோரமாக வீடு திரும்பும்போதுதான் எவாரிஸ்தோ, "நான் மறுபடி நாடகத்துக்குப் போறேன்," என்றார்.

அந்தக் குளிர்காலம், ஃபெராராவில் ஒரு சின்ன அரங்கம். அவருக்கு மனைவியை இழந்த ரொட்டிக்காரர் வேடம். ஜாய்ராவும் நானும் பார்க்கப் போயிருந்தோம். முதல் வசனத்திலேயே, சினிமாவில் பழகிய அந்தக் குரலைக் கேட்டுக் கூட்டம் சலசலத்தது. சிலர் நட்சத்திரத்தைத் தேடிப் பக்கவாட்டுத் திரையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

எவாரிஸ்தோ நிறுத்திவிட்டார். வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து மறைவிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அவர் அசையவில்லை. மாவு படிந்த தன் கைகளைப் பார்த்தபடி நின்றார். பிறகு அதே வசனத்தை முதலிலிருந்து பேசினார். கரகரத்த, கொஞ்சம் மூக்கால் வந்த குரல். இத்தனை வருடம் பக்கத்தில் நின்ற நானே கேட்டறியாதது.

ஜாய்ரா என் கையைப் பிடித்தாள். "இதுதான், நெல்லோ! வீட்ல செருப்பு எங்கன்னு கேக்கற குரல்."

முன்வரிசைப் பெண் கண்ணைத் திறந்தாள். நாடகம் முடியும்வரை மூடவில்லை.

அதன்பின் குளிர்காலமெல்லாம் ஃபெராரா, மற்ற மாதங்கள் டப்பிங் என்று இருந்தார். அந்த ஊரில் எதிர்ப்படுகிறவர்கள், "நட்சத்திரம் மாதிரி ஒரு வார்த்தை பேசுங்களேன்," என்று கெஞ்சுவார்கள்.

"அவரு ரோம்ல இருக்காருங்க," என்பார் எவாரிஸ்தோ, மூக்கால்.