என் நம்பர் எதற்கு?

இன்று காலை இங்கே புனேயில், விஷ்ராந்த்வாடியில் ஒரு பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போனேன். ஆமாம், சாமியே இல்லை என்கிற நானேதான்.

அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோவையில் காரியம் முடித்துத் திரும்பியதிலிருந்து வீட்டிலேயே அடைந்து கிடக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டு ஸ்டெல்லா அக்காதான் கூப்பிட்டார்.

“சாமி இல்லேன்னு சொல்றவங்களும் அங்க வர்றாங்கப்பா. ஜபர்தஸ்தி, கட்டாயம் எதுவும் கிடையாது.”

“அப்புறம் எதுக்குங்கக்கா கூட்டம் போடறாங்க?”

“அரே, வந்து பாரேன்!”

ஒன்று மதம் மாற்றுவார்கள், இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் விற்பார்கள். அப்படி நினைத்துத்தான் கதவோரமாக உட்கார்ந்தேன்.

பாட்டு முடிந்ததும், கூட்டத்தை நடத்திய பெண் போதகர், இழந்தவர்களின் பெயரை விரும்பினால் சொல்லலாம் என்றார். வாயைத் திறக்கவே கூடாது என்றிருந்தேன். எப்படியோ “பழனிசாமி” என்று சொல்லிவிட்டேன்.

மராத்தியும் இந்தியும் பேசுகிற அத்தனை பேரும் ஒரே குரலில் “பளனிசாமி” என்றார்கள். அப்பா போன பிறகு இன்றுதான் அழுதேன்.

கிளம்பும்போது ஒருவர் பின்னாலேயே வந்து என் ஃபோன் நம்பரைக் கேட்டார். இதோ, விஷயத்துக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். “எதற்கு?” என்றேன்.

அவர் இந்தியில் சொன்னார்: “உங்க அப்பா பேரை நாங்க தப்பா சொல்லிட்டோமாம், ஸ்டெல்லா சொன்னாங்க. வாட்ஸப்ல நீங்களே சொல்லி அனுப்புங்க. அடுத்த ஞாயிறு சரியா சொல்றோம்.”

அனுப்பினேன். சற்றுமுன் அவரும் சொல்லிப் பார்த்து அனுப்பியிருக்கிறார். ‘ழ’ இன்னும் வரவில்லை.

என் சந்தேகமும் இன்னும் போகவில்லை. பதிலுக்கு எதுவுமே கேட்காத மனிதர்களிடம் எப்படிப் பழகுவது? அனுபவப்பட்டவர்கள் கீழே சொல்லுங்கள்.