அக்கா ஓடாத தூரம்

முதலில் என் காதில் விழுந்தது ஒரு சத்தந்தான். கொழும்பு வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் நடைபாதை, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. ஒரு பக்கம் தண்டவாளமும் அதற்கப்பால் கடலும், மற்றப் பக்கம் இன்னும் விளக்கெரியாத அடுக்குமாடிகள். அக்காவும் நானும் ஓடிக்கொண்டிருந்தோம். ஓட்டம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். வேகமாக நடப்பவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். என்னுடைய சப்பாத்துகள் இரண்டும் ஒரே மாதிரித்தான் நிலத்தில் பட்டன. அக்காவுடைய இடது சப்பாத்து மட்டும் ஈரத்துணியைக் கல்லில் அடித்ததுபோல 'சப்' என்று விழுந்தது. வலதுகால் சத்தமில்லாமல் போகும், இடதுகால் சப்பென்று அறையும். "காலைத் தூக்கி வை அக்கா" என்றேன். "தூக்கித்தானே வைக்கிறன்" என்றாள், மூச்சு வாங்கியபடி. இரண்டு பேரும் சிரித்தோம். ஐம்பதை நெருங்கும்போது ஓடப் பழகினால் கால் இப்படித்தான் சொல்வழி கேளாது என்று நினைத்தோம்.

அக்கா கொட்டாஞ்சேனையில் இருந்தாள், கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் ஒரு பழைய மாடிவீட்டில். அத்தானும் அவளுமாக இரண்டே பேர், பிள்ளைகள் இல்லை. வங்கியில் பெரிய பொறுப்பில் இருந்தவள். அம்மா பாரிசவாதம் வந்து வருஷக்கணக்காகக் கட்டிலில் கிடந்தது அந்த வீட்டில்தான். காலையில் அம்மாவைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சி பருக்கிவிட்டுத்தான் அக்கா வேலைக்குப் போவாள். நான் வெள்ளவத்தையிலிருந்து சனி, ஞாயிறுகளில் போய் உதவி செய்வேன். பாரம் முழுவதும் அவளுடையது. அம்மா போய் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அவள் என்னிடம் சொன்னாள்: "எடி, நான் இப்பிடிக் கிடக்க மாட்டன். இந்த உடம்பை ஒருக்கா வேலை வாங்கிப் பாக்கப்போறன்." கொஞ்ச நாள் நடப்பாள், பிறகு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் செய்யும் ட்ரையத்லன் என்ற போட்டியைப் பற்றி யாரிடமோ கேட்டு வந்திருந்தாள். புதியவர்களுக்கென்று தூரம் குறைத்து ஒரு பிரிவு இருந்ததாம். எனக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டாள்.

சைக்கிள் அவளுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் எங்கள் தலைமுறைப் பெண்பிள்ளைகள் எல்லோரும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனோம். ஓட்டம் பழகினால் வரும். நீச்சல்தான் இருவருக்கும் தெரியாதது. வீட்டுக்கு முன்னால் கடலை வைத்துக்கொண்டு முழங்காலுக்கு மேல் நனையாத ஆட்கள் நாங்கள். ஒரு நீச்சல் தடாகத்தில் சேர்ந்தோம். முழங்கை வரையும் கணுக்கால் வரையும் மூடும் கறுப்பு உடுப்பு வாங்கினோம். முதல்நாள் அதைப் போட்டுக்கொண்டு உடுப்பு மாற்றும் அறையை விட்டு வெளியே வரவே எங்களுக்கு வெட்கம். அக்காதான் முதலில் வந்தாள். பழக்குகிற மாஸ்டர் ஒரு சிங்களவர், எங்களைவிட வயது குறைந்தவர். "பய வென்ன எப்பா, அக்கே" என்று அவர் பயத்தை விடச் சொல்லச் சொல்ல, அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். சில மாதங்களில் தடாகத்தின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கலுக்கு நிற்காமல் போய் வந்தாள். அந்த நாட்களில் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை, அவளுடைய கல்யாணத்தன்றுகூட.

ஆனால் மாஸ்டர் ஒரு குறை சொல்லிக்கொண்டே இருந்தார். "வம் ககுல நிதி" என்பார். இடதுகால் நித்திரை என்று அர்த்தம். வலதுகால் தண்ணீரை அடிக்கும்போது இடதுகால் சும்மா பின்னால் இழுபட்டு வந்தது. அக்கா வீட்டில் கதிரைப் பிடியைப் பிடித்தபடி அந்தக் காலை மட்டும் ஆட்டி ஆட்டிப் பயிற்சி செய்தாள். ஒருநாள் பின்னேரம் நான் போனபோது பாவாடையை முழங்கால் வரை உயர்த்திக் கெண்டைக்காலைக் காட்டினாள். தோலுக்குக் கீழே தசை துடித்துக்கொண்டிருந்தது, உள்ளே மழைத்துளிகள் விழுவதுபோல. "பாத்தியா, தசை வேலை செய்யத் தொடங்கியிட்டுது" என்றாள் சந்தோஷமாக. நானும் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு படியில் இடறினாள். இடது செருப்பு அவளுக்குத் தெரியாமலே கழன்று பின்னால் கிடந்தது. புதுச் சப்பாத்தின் இடது நுனி மட்டும் தேய்ந்து ஓட்டை விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. வயது, சப்பாத்தின் அளவு, அதிகப் பயிற்சி, போதாத பயிற்சி.

முதலில் பார்த்த வைத்தியர் கணுக்கால் சுளுக்கென்றார். அடுத்தவர் முதுகெலும்பில் நரம்பு நெரிகிறதென்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அதைக் கொண்டாட மூவரும் வெளியே போய்ச் சாப்பிட்டோம். கடைசியில் நரம்பு வைத்தியரிடம் போனோம். இளம் பெண், மிகவும் மெதுவாகக் கதைப்பவர். கையிலும் காலிலும் ஊசி குத்தி, மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். கெண்டைக்காலைப்போலவே துடித்த அக்காவின் நாக்கைப் பார்த்த அந்தக் கணத்தில் அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய் என்றார். மருந்து இல்லை. மூளை கடைசிவரை தெளிவாக இருக்கும் என்று அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். அத்தான் கதிரையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கேட்டது ஒன்றுதான்: "நான் நீந்தலாமோ?" அந்தப் பெண், "ஏலுமட்டும் நீந்துங்கோ. களைக்கமட்டும் கூடாது" என்றார்.

போட்டிக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. அத்தான் வேண்டாமென்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். "களைக்கக் கூடாதெண்டெல்லோ டொக்டர் சொன்னவ!" என்றார்.

"களைக்காமல் இருந்தால் இது நிண்டிடுமோ?" என்று அக்கா கேட்டாள்.

அவர் எழும்பி யன்னலடிக்குப் போனார்.

"அப்ப நான் களைக்கிறன்" என்றாள்.

மறுநாள் அத்தான் ஒரு பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி, அவளுடைய இடதுகால் மிதியிலிருந்து வழுக்காமல் இருக்கப் பட்டி செய்துகொண்டு வந்தார்.

போட்டி கொழும்புக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் நடந்தது. கடல் அன்று அமைதியாக இருந்தது. செம்மஞ்சள் தொப்பி போட்ட புதியவர்கள் எல்லோரையும் கடைசியாகத் தண்ணீருக்குள் விட்டார்கள். நான் நாலு வீச்சிலேயே உப்புத் தண்ணீரைக் குடித்துத் தடுமாறி நின்றுவிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் அக்காவின் தொப்பி எனக்கு முன்னால் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. கைகள் அப்போது முழுதாக அவளுடையவையாகவே இருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக அவை எழுந்து விழுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் கரைவரைக்கும் போய்ச் சேர்ந்தேன். தண்ணீர் அவளை எந்தக் குறையும் இல்லாத ஒருத்தியாகக் கொண்டுபோனது. மணலில் கால் வைத்ததும் எல்லாம் மாறியது. இடதுகால் கோடு கிழித்துக்கொண்டு வந்தது. விழுந்து எழும்பி, யாரோ இரண்டு பேர் தாங்க, சைக்கிளுக்கு வந்தாள். அத்தான் குந்தியிருந்து பட்டியைக் கட்டிவிட்டார். சைக்கிளில் நாங்கள் அநேகமாகச் சேர்ந்தே போனோம். ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்து, "காத்தைப் பார்!" என்று கத்தினாள். அவள் கத்திப் பேசி நான் கேட்ட கடைசி வார்த்தைகள் அவை.

சைக்கிளை விட்டு இறங்கும்போது விழுந்தாள். முகம் மண்ணில் பட்டது. தூக்கி நிறுத்தினோம், இரண்டு கால்களும் மடிந்துவிட்டன, வலதுகாலுந்தான். நான் என் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவளருகில் இருந்துவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீயேன் நிக்கிறாய்? எழும்படி."

"எனக்கும் போதும் அக்கா."

"எனக்கு ஓட்டம் இல்லை. நீ போ. போய் ஓடிப் பாத்திட்டு வந்து சொல்லு."

ஓடினேன். முழுவதும் அழுதுகொண்டு ஓடினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் தாகமும் விலாக்குத்தும் தவிர எனக்கு வேறொன்றும் நினைவில் இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டி, கழுத்தில் யாரோ போட்ட பதக்கத்தோடு முதலுதவிக் கூடாரத்துக்குப் போனேன். அக்கா மடக்குக் கட்டிலில், சேலைன் ஏறிக்கொண்டிருக்க, கண்ணை மூடிக் கிடந்தாள். அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. கைத்தடி, சக்கர நாற்காலி, பிறகு அம்மா கிடந்த அதே அறையில் கட்டில். கைகள் போயின. பேச்சு முதலில் குழறியது, பிறகு மூக்கால் வந்தது, பிறகு இல்லாமலே போனது. நான் வேலையைப் பாதிநேரமாக மாற்றிக்கொண்டு பின்னேரங்களில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கீழே துறைமுகத்துக்குப் போகும் லொறிகள் உறுமும், யன்னல் கண்ணாடி அதிரும், அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அத்தான் ஒரு மட்டையில் எழுத்துகளை எழுதி வைத்திருந்தார். முழு நெடுங்கணக்கையும் எழுத இடமேது? மேலே உயிரெழுத்துகள், கீழே மெய்யெழுத்துகள். நான் விரலை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போவேன். சரியான எழுத்து வந்ததும் அவள் இமைப்பாள். ஒருதரம் இமைத்தால் ஓம், இரண்டுதரம் இமைத்தால் இல்லை. மெய்யும் உயிருமாகச் சேர்த்துச் சேர்த்து ஒரு சொல்லை முடிக்கும்போது தேத்தண்ணீர் ஆறிப்போயிருக்கும்.

ஒருநாள் அவள் எழுத்தெழுத்தாகக் கேட்டது 'ஓட்டம்'. எனக்கு விளங்கவில்லை. பிறகு 'சொல்லு' என்றாள். அப்போதுதான் புரிந்தது. நான் இன்னும் சொல்லவில்லை.

சொல்லத் தொடங்கினேன். முதல்நாள் கதை சீக்கிரமே முடிந்துவிட்டது. அவளுக்கு அது போதவில்லை. அடுத்த நாளும் கேட்டாள். வலதுபக்கம் என்ன இருந்தது, நிழல் இருந்ததா, யார் முந்திப் போனார்கள். தெரிந்ததைச் சொன்னேன். தெரிந்தது தீர்ந்ததும் வேறு சேர்த்தேன். முச்சக்கரவண்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு கிழவர், கொஞ்சத் தூரம் கூடவே ஓடிவந்த நாய், தம்பிலி இளநீர்க்கடையில் நின்று கை காட்டிய பெண்கள். அவள் கண்கள் என் முகத்தை விட்டு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன. சொல்கிற ருசியில் நானும் எல்லை மீறிவிட்டேன். "கடைசியில முடியுற இடத்துக்கு வாறன், அங்க நீ நிக்கிறாய் அக்கா. அத்தான் உன்னைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். நீ ரண்டு கையையும் தட்டுறாய்" என்றேன்.

அவள் இரண்டுதரம் இமைத்தாள்.

கண்ணில் ஏதோ விழுந்ததாக்கும் என்று துணியால் ஒற்றினேன். மறுபடியும் இரண்டுதரம் இமைத்தாள். மட்டையை எடுத்தேன். 'பொய்' என்று வந்தது. கொஞ்சம் பொறுத்து, 'வேண்டாம்'. எனக்கு முகம் சுட்டது. அவள் மட்டையை வைக்கவிடவில்லை. அந்தப் பின்னேரம் முழுவதும், இருட்டுப்பட்டு அத்தான் லைற்றைப் போட்ட பிறகும், எழுத்து எழுத்தாக அவளுடைய பங்கை அவள் சொன்னாள். கூடாரம். வெக்கை. மேலே சீலையில் ஒரு ஓட்டை, அதற்குள்ளால் வெயில். வெளியே ஆட்கள் கை தட்டிய சத்தம். கடைசி வரிகளை நான் வாய்விட்டு வாசித்தேன்: "கை தட்டினவை. ஒவ்வொருக்காலும் வாறது நீ எண்டு நினைச்சன்."

நான் ஓடிய தூரத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. அவள் படுத்துக் கிடந்த இடத்தில்தான் அந்த ஓட்டம் முழுவதும் நடந்திருக்கிறது. அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் ஓட்டத்தைப்பற்றிக் கேட்கவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் மூச்சுக்கான தசைகளும் களைத்துவிட்டன. பகல் நேரம், லொறிகள் போய்க்கொண்டிருந்தன, அத்தான் அவளுடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்தார். மூச்சு நின்றது அவருக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

இப்போது யாராவது என்னிடம் அந்தப் போட்டியைப்பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லவே பார்க்கிறேன். ஆனால் திரும்பத் திரும்பச் சொன்னதில் உண்மையான பாதை மங்கிப்போய், கிழவரும் நாயும் தம்பிலிக்கடைப் பெண்களுமே கண்முன் வருகிறார்கள். வளைவு திரும்பினால் எல்லைக்கோடு தெரிகிறது. அங்கே அக்கா நிற்கிறாள், இரண்டு கையையும் தட்டிக்கொண்டு, இரண்டு காலிலும் நேராக. அப்படி இல்லை என்று இமைத்துச் சொல்ல இப்போது ஒருவரும் இல்லை.