பச்சைப் பெயிண்டுக்கு அடியில்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மோட்டார் காரை இரண்டு காளைகள் இழுத்து வந்தன. அதன் பின்னால் வந்த வண்டியில் மட்கார்டுகள், விளக்குகள், ஒரு கதவு, நான் பெயர் அறியாத இன்னும் பல இரும்புகள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் எல்லாவற்றையும் இறக்கியபோது தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. என் வீட்டுக்காரரோ கல்யாண ஊர்வலத்தில் வரும் மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்து வந்தார்.

மடவளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு அவர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். துரை சீமைக்குத் திரும்பிப் போனார். புதிதாக வந்த துரை தன் டிரைவரையும் கூடவே கூட்டி வந்தார். போகிற துரைக்கு மனசு கேட்காமல், பல வருஷம் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்த தன் பழைய காரை இவருக்கே கொடுத்துவிட்டு, கொடுத்ததாகக் கடிதமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரின் பத்திரங்களை மட்டும் கொடுக்க முடியவில்லை. அவற்றைக் கறையான் தின்றிருந்தது.

கண்டியில் மோட்டார் பதிகிற கந்தோரில், பத்திரம் இல்லையென்றால் காரைச் செய்தவர்கள் தகட்டில் அடித்த நம்பரைக் காட்ட வேண்டும் என்றார்கள். ஒரு எழுத்துக்கூடக் கெட்டிருக்கக் கூடாது, தகட்டைக் கழற்றவும் கூடாது. அந்தத் தகடு ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு நேரே, உள்ளங்கை அளவில் ஆணி அடித்து இறுக்கியிருந்தது. ஆனால் அதில் ஒன்றும் தெரியவில்லை. துரைக்குப் பச்சை நிறம் என்றால் உயிர். பங்களாக் கதவு, தண்ணீர்த் தொட்டி, நாய்க் கூண்டு என்று பச்சை அடித்து முடித்து, மிஞ்சியதையெல்லாம் காருக்கு அடித்திருந்தார். அதுவும் ஒரு தடவையா? கார் ஓடிய காலத்தில் வருஷா வருஷம் அடித்தாராம்.

நம்பர் கிடைத்தால் கார் வாடகைக்கு ஓடும். இவர் பகலெல்லாம் கண்டிக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் ஓட்டிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். கிடைக்காவிட்டால் கொழும்பு. அங்கே இன்னொரு துரை டிரைவர் வேலை தருவதாகச் சொல்லி, மாசக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தார். தங்குவதற்கு கராஜுக்கு மேலே ஓர் அறை. ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். மாசத்துக்கு ஒரு நாள் லீவு. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்றரை வருஷம்தான். அவரை அனுப்பிவிட்டு இருக்க என்னால் முடியாது. இதைச் சொல்ல வெட்கப்படுகிற வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன்.

ஆக, பெயிண்டைக் கழற்ற வேண்டும், தகடு கெடக்கூடாது. வேலை அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்ய வந்தவர்கள் இருவர். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவர் என் அண்ணன், கண்டியில் கிளாக்கர். அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியும். அதனால் மற்ற எல்லாமும் தெரியும்.

தகட்டில் கை வைக்கும் முன் மட்கார்டுகளில் சோதித்துப் பார்ப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள். இதுவரைக்கும் புத்தியாகத்தான் நடந்தார்கள். முதலில் உப்புத்தாள். ஒரு பகல் பூராவும் தேய்த்து இவர் ஒரு தோசை அளவுக்கு இரும்பைக் கண்டார். தேய்த்த இடமெல்லாம் கீறல். தகட்டை இப்படித் தேய்த்தால் நம்பரும் சேர்ந்து போய்விடும் என்று அதை விட்டார்கள். அடுத்து மண்ணெண்ணெய். அதைப் போட்டுத் துடைத்ததும் தூசியெல்லாம் போய், பச்சை முன்னைவிட அழகாக மின்னியது. பக்கத்து வீட்டுக்காரி வந்து புதுப் பெயிண்டா என்று கேட்டாள். அதன்பின் ஸ்பிரிட் தடவினார்கள். இரண்டு தடவை ஊதுவதற்குள் அது காற்றோடு போய்விட்டது.

பிறகு நெருப்பு. மடவளையிலிருந்து வந்து பாலத்தடியில் பழைய இரும்பு வாங்கி விற்கும் முஸ்லிம் நானாவிடம் தகரக்காரர்கள் வைத்திருக்கிற ஊது விளக்கு ஒன்று இருந்தது. இரவல் வாங்கி வந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அது நன்றாகவே வேலை செய்தது. பச்சை பொங்கிப் பொங்கி எழுந்து சுருண்டு விழுந்தது. கூடவே என் வீட்டுக்காரரின் மீசையில் வலது பக்கமும் சுருண்டு விழுந்தது. மிஞ்சிய பாதியையும் அவர் எடுக்க வேண்டியதாயிற்று. மீசையில்லாமல் அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தார். நான் அடுப்பங்கரைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் தகட்டுக்குப் பக்கத்தில் மரப்பலகை, அதற்கு அப்பால் பெட்ரோல் தொட்டி. அங்கே விளக்கைக் கொண்டு போனால் நான் கட்டையால் அடிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு தகர டப்பாவோடு வந்தார்.

"தங்கச்சி, இதுதான் சரியான மருந்து. காஸ்டிக் சோடா. சவுக்காரம் செய்யிறவங்க போடுறது. நல்ல காரம்."

"அப்ப ரெண்டு மிளகாயும் கிள்ளிப் போடுங்க அண்ணே" என்றேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. காரம் என்றால் வேறு காரம் என்று விளக்கம் சொன்னார். அதற்குள் என் வீட்டுக்காரர் அடுப்பங்கரையிலிருந்து ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அது என் அலுமினியப் பானை. கல்யாணச் சீராக அந்த அண்ணனே வாங்கித் தந்தது. எங்கள் தெருவில் அப்போது வேறு யாரிடமும் அலுமினியம் கிடையாது. நான் அதில் சோறாக்கவே மனசு வராமல் பண்டிகைக்கு மட்டும் எடுப்பேன்.

கதவுப் பிணைச்சல்களையும் விளக்கு வளையங்களையும் அதில் போட்டு, தண்ணீர் ஊற்றி, சோடாவைக் கொட்டினார்கள். அடுப்பில் வைக்காமலே பானை கொதிக்க ஆரம்பித்தது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, நெருப்பில்லாமலே கொதிக்குது!" என்றார் அண்ணன்.

"சரியான வேகம் மச்சான்" என்றார் இவர்.

இருவரும் கதிரைகளை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, சூர்ய கிரகணம் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். கொஞ்ச நேரம் போனதும் குறட்டால் ஒரு பிணைச்சலைத் தூக்கினார்கள். பச்சை, அதற்கு அடியில் சிவப்பு, அதற்கு அடியில் கறுப்பு எல்லாம் வெந்த கிழங்குத் தோலாகக் கழன்று விழுந்து, இரும்பு பளிச்சென்று வந்தது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் நானா தன் ஊது விளக்கைக் கேட்டு வந்தார். வந்தவர் தரையைப் பார்த்தார். பானைக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அல்லாஹ்வே! தங்கச்சி, இதுலயா சோடாவ ஊத்தின?"

"நான் ஊத்தல நானா. இவங்க ஊத்தினாங்க."

"அலுமினியத்துக்கு சோடா ஆகாது. அத அப்படியே தின்டுட்டுப் போயிடும். இரும்புக்கு ஒண்டும் செய்யாது. இவ்வளவு நேரமும் கொதிச்சது பெயிண்ட் இல்ல, ஒங்கட பானை."

பானையைக் கவிழ்த்தார்கள். அடிப்பக்கம் சல்லடை. நான் அழவில்லை; அழுதிருந்தால் அவர்களுக்கு நல்லது. என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். அண்ணன் டப்பாவில் இருந்த இங்கிலீஷை மறுபடி முதலிலிருந்து படித்தார். என் வீட்டுக்காரரைக் காணோம்.

எங்கே என்று பார்த்தால், தரையில் தேங்கிய சோடாத் தண்ணீரில் துணியை நனைத்துக் குறட்டில் பிடித்துக்கொண்டு காரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். இரும்பு பளிச்சென்று வந்ததைக் கண்ட சந்தோஷத்தில் நானா சொன்ன ஒரு சொல்லும் அவர் காதில் ஏறவில்லை. நான் ஓடினேன். அவருக்கு முன்னால் காரில் ஏறி, டிரைவர் ஆசனத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தகட்டை முழங்காலால் மறைத்துக்கொண்டேன். நான் வாழ்க்கையில் மோட்டார் காரில் ஏறியது அதுதான் முதல் தடவை.

"எறங்கு புள்ள."

"இந்தத் தகடு இரும்பா, அலுமினியமா?"

"பெயிண்ட எடுத்தாத்தானே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க. எறங்குறேன்."

நானா மடியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய இரும்பு வாங்குகிறவர் அது இல்லாமல் வீட்டை விட்டு இறங்குவதில்லையாம். அதைத் தகட்டில் வைத்தார். ஒட்டவில்லை, விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது.

"இரும்பு இல்ல" என்றார். "பித்தளையா ஈக்கலாம். மத்ததாயும் ஈக்கலாம்."

என் வீட்டுக்காரர் துணியைக் கீழே போட்டார். வெறும் குறட்டை மட்டும் இன்னும் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் எனக்குப் பானை மறந்து போயிற்று.

அதன் பிறகு நாலு நாள் யாரும் தகட்டுப் பக்கம் போகவில்லை. இவர் எஞ்சினோடு மல்லுக்கட்டி அதை ஓடவைத்துவிட்டார். அந்த வேலையில் கெட்டிக்காரர். நம்பர் இல்லாத கார் வாசலில் நின்று சும்மா உறுமிக்கொண்டிருந்தது. கொழும்புக்குப் பதில் எழுத வேண்டாமா என்று கேட்டால், "இன்னும் நாள் இருக்கு" என்பார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்று போதாது என்று மூன்றாக்கினேன்.

ஐந்தாம் நாள் காலை தேத்தண்ணீர் போட, பித்தளை மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைக்கிற ஸ்பிரிட் போத்தலை ஜன்னல் கட்டையிலிருந்து எடுத்தேன். அந்தப் போத்தலின் அடியில் மயிரளவு ஒரு வெடிப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எடுத்த இடத்தில் ஜன்னல் கட்டையின் பெயிண்ட் வட்டமாகச் சுருங்கிக் கிடந்தது. நகத்தால் தொட்டேன். பாலாடை மாதிரி வழிந்து வந்தது.

தடவியபோது காற்றோடு போன அதே ஸ்பிரிட்தான். போத்தல் மேலே உட்கார்ந்திருந்ததால் போக வழியில்லாமல் அங்கேயே கிடந்து வேலை செய்திருக்கிறது. அப்படியென்றால் மூடி வைக்க வேண்டும். எதனால் மூடுவது? தகடு நட்டுக்குத்தாக அல்லவா இருக்கிறது?

இவர் தோட்டத்துக்கு வேலைக்குப் போன நாட்களில் தினமும் நான் சோற்றுப் பார்சல் கட்டியவள். வாழையிலையைத் தணலில் வாட்டினேன். பிறகு தணலைத் தண்ணீர் ஊற்றி அணைத்தேன். ஸ்பிரிட்டோடு விளையாடக் கூடாது. பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் தகட்டில் அப்பி, மேலே இலையை வைத்து அழுத்தி, ஒரு பலகைத் துண்டை முட்டுக் கொடுத்தேன். இவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"காருக்கும் சோறு கட்டுறியா?" என்றார்.

"ஆமா. பேசாம இருங்க."

ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை துணியை மாற்றினேன். முதல் தடவை பச்சை வந்தது. இரண்டாவது தடவையும் பச்சை. மூன்றாவது, நான்காவதும் பச்சை. துரையை மனசுக்குள் வாழ்த்தினேன். பிற்பகலில் சிவப்பு வந்தது. கந்தோர் விட்டு அண்ணனும் வந்து சேர்ந்தார். கறுப்பு மட்டும் லேசில் விடவில்லை. நான்கு துணி கேட்டது. கடைசியில் ஒரு ஈர்க்குச்சியால் மெல்ல ஒதுக்கினேன். முதலில் இங்கிலீஷ் எழுத்துகள். அவை எனக்குத் தெரியாது. அதற்குக் கீழே ஒரு நான்கு எழுந்து வந்தது. நம்பர் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னேன். அண்ணன் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழுதினார். கடைசி எண்ணை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

தகடு வெள்ளை வெளேரென்று மின்னியது. அண்ணன் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அலுமினியம்" என்றார், மெதுவாக.

அடுத்த வாரம், ஒரு நாளைக்கு மட்டும் செல்லும் அனுமதிச் சீட்டோடு காரைக் கண்டிக்கு ஓட்டிப் போனோம். நானும் கூடப் போனேன். போகாமல் வீட்டில் இருந்தால் எனக்கு மூச்சு முட்டியிருக்கும். கந்தோர் அதிகாரி குனிந்து தகட்டைப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எல்லாரும் தகட்டைச் சுரண்டிக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள், இதை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். அதிகாரி நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் முத்திரையைக் குத்தினார்.

திரும்பி வரும்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. காரில் இருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை. பாலத்துக்குக் கிட்ட வந்ததும் சொன்னேன்.

"போனதும் முதல் வேலையா கொழும்புத் துரைக்கு வரலைன்னு எழுதிப் போட்டுருங்க."

அவர் பாதையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "அது எழுதியாச்சு" என்றார்.

"எப்ப?"

"கார் வந்த மறுநாளே."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் மீசை, பானை, சோடாத் துணி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வேறு மாதிரித் தெரிந்தன. கைக்கு வந்த வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டுத்தான் இந்த மனுஷர் அந்தச் சோடாவோடு தகட்டுக்குப் போயிருக்கிறார். அது கரைந்திருந்தால் எங்களுக்குக் காரும் இல்லை, கொழும்பும் இல்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பயந்துருவ."

"பயந்துக்கிட்டுத்தானே இருந்தேன்! நீங்க போயிருவீங்கன்னு!"

"நான் எங்க போறது?" என்றார் அவர், மீசையில்லாத முகத்தோடு. "என்னால முடியாதுன்னுதான் எழுதினேன்."

அன்றைக்குக் கோபத்தில் அவருக்குச் சோறு போடவில்லை என்று எழுத எனக்கு ஆசை. போட்டேன். இரண்டாம் தடவையும் போட்டேன். அப்புறம்தான் சண்டை பிடித்தேன்.