தடைக்காலத்தில் கழற்றிய ஷூ

மூன்று வருடத்துக்கு முன், ஓர் ஆடி மாதம். குழந்தைகளுக்கு எலும்பு அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர்களின் மாநாடு, நகரத்தில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. காசிமேட்டிலிருந்து இரண்டரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். எட்டாவது படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? தன் சிகிச்சை பலித்ததற்குச் சாட்சியாக என் மகளைத்தான் மேடையில் காட்டப்போகிறார் அவளுடைய டாக்டர்.

பிறக்கும்போதே அவளுடைய வலது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. வாராவாரம் மாவுக்கட்டு போட்டு நேராக்கினார் அவர். மறுபடி திரும்பாமலிருக்க, நடுவில் கம்பி வைத்து இணைத்த ஒரு ஜோடி ஷூவைக் கொடுத்து, நாலு வயது வரை தூங்கும்போதெல்லாம் மாட்டச் சொன்னார்.

எங்கள் வீடு ஒரே அறை. ஒரே பாயில் மூன்று பேர். என் கணவர் விசைப்படகில் போகிறவர். கரையில் இருக்கும் நாட்களில் அந்தக் கம்பி சரியாக அவர் முட்டியில் வந்து இடிக்கும். அவர் வாய் திறக்கமாட்டார். எனக்குத்தான் மனசு கேட்காது, கழற்றிவிடுவேன். அவர் கடலுக்குப் போனதும் மாட்டுவேன். அந்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதமும் அவர் வீட்டில்தான். ஷூ பரண் ஏறிவிட்டது. பாதம் லேசாகத் திரும்புவதைப் பார்த்தேன். திட்டு விழுமே என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. மாநாட்டுக்கு வரச்சொல்லி டாக்டர் போன் செய்தபோது மறுக்கவும் தைரியம் வரவில்லை.

மேடையில் டாக்டர் அவளுடைய பாதத்தை மேலே மடக்கினார். வரவில்லை. இன்னொரு தரம் மடக்கிப் பார்த்தார். பெரிய திரையில் எல்லாம் தெரிந்தது. ஷூ தினமும் மாட்டுகிறேனா என்று மெதுவாகக் கேட்டார்.

"அவரு கரையில கீறப்ப மாட்டறதில்ல சார். தடைக்காலம் ரெண்டு மாசமும் கயட்டித்தான் வெச்சிருந்தேன்." ஏன் என்பதையும் சொன்னேன்.

அவர் சபையைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ பேசினார். பிறகு எனக்காகத் தமிழில் சொன்னார்:

"ஷூவைக் குடுத்தேன், மாட்டுங்கன்னு சொன்னேன். வீட்ல எப்படிப் படுக்கறீங்கன்னு ஒரு தடவகூட கேக்கல. தப்பு என்னுதும்மா."

அவ்வளவு பெரிய மனிதர், அத்தனை பேர் முன்னால்! முன்வரிசையில் ஒரு பெண் டாக்டர் எழுந்து, பாய் எவ்வளவு அகலம், யார் எந்தப் பக்கம் படுப்போம் என்று என்னிடமே கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். நாலைந்து டாக்டர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். குழந்தையைத் தலைமாட்டில் குறுக்காகப் படுக்கவைக்கலாமே என்று யோசனை சொன்னவரும் அந்தப் பெண் டாக்டர்தான்.

மறுபடியும் சில வாரம் மாவுக்கட்டு. அதன்பின் என் கணவர் கரையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஷூ ஒரு நாளும் தவறவில்லை. இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் அவளைத் துரத்திப் பிடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது.

அன்று டாக்டர் என்னைத் திட்டியிருந்தால், அடுத்த தடவை தினமும் மாட்டுகிறேன் என்று நிச்சயம் பொய் சொல்லியிருப்பேன். அந்தப் பொய்யை என் மகள்தான் காலம் முழுக்க நொண்டி நடந்து சுமந்திருப்பாள்.