பின் டயரில் கை வைத்த ஆள்

நெவில் ட்ரெலோர் என் பங்க்கில் வாங்கும் பாஸ்டியை அப்படியே கடித்து நான் பார்த்ததில்லை. கத்தியால் நடுவில் பிளப்பார். மாவுக்குள் இறைச்சி எவ்வளவு, உருளைக்கிழங்கு எவ்வளவு என்று குனிந்து பார்ப்பார். "போன வாரம் கறி இன்னும் கொஞ்சம் இருந்துச்சே ரோ" என்பார். ரோ என்பது நான், ரோவினா. பத்தொன்பது வருடமாகக் கணவாய்க்குக் கீழே முச்சந்தியில் இந்த பெட்ரோல் பங்க்கை நடத்துகிறேன். எத்தனையோ கிராக்கிகளைப் பார்த்தாயிற்று. இந்த மாதிரி ஒருவரை நான் பார்த்ததில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முப்பத்தொரு வருடம் கோதுமைக் கிடங்கில் லாரிகளை எடை போட்டவர். காய்ந்த கோதுமைக்கு நடுவே ஈரக் கோதுமையை ஒளித்துக் கொண்டுவரும் விவசாயிகளோடு மல்லுக்கட்டியே தலை நரைத்துவிட்டது. ஓய்வு பெற்றபோது லாரிகள் அங்கேயே நின்றுவிட்டன, சந்தேகம் மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. மனைவி பெரில் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. அவருக்கென்று இருந்தது ஒரு அறுநூற்றைம்பது சிசி பைக்கும், பக்கத்து வீட்டு க்ளைவ் பாஸ்கோவும்தான். பக்கத்து வீடு என்றால் நாலு கிலோமீட்டர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஆளுக்கொரு பைக்கில் முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓட்டி என்னிடம் வருவார்கள். சாப்பிட்டுவிட்டுக் கணவாய் வளைவுகளில் ஏறுவார்கள். நெவிலின் வீட்டையும் வண்டிக் கொட்டகையையும் திறக்கும் சாவி ஒன்று க்ளைவிடம் இருந்தது. தனியாக இருக்கும் ஆளின் சாவி பக்கத்துப் பண்ணையில் இருப்பது இங்கே வழக்கம். இரண்டு வருடம் முன்பு நெவில் நிமோனியாவில் நினைவில்லாமல் கிடந்தபோது அந்தச் சாவியால் திறந்துதான் க்ளைவ் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போர்ட் அகஸ்டா ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நெவில் இன்று உயிரோடு பாஸ்டியைப் பிளந்து பார்க்கிறார் என்றால் அது க்ளைவ் புண்ணியம்.

இருபது வருடமாக நெவில் டயருக்குக் காற்று பிடித்ததும் அளந்ததும் க்ளைவ் கொட்டகையில் இருந்த கம்ப்ரசரில்தான். நவம்பரில் அது படுத்துவிட்டது. நெவில் ஒரு கால் பம்பு வாங்கினார். அன்றைக்குப் பிடித்தது சனி.

பம்பு அடித்த காற்றை உடனே அளக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு கொள்கை. "புதுக் காத்து உள்ள குதிச்சுக்கிட்டே இருக்கும். கொஞ்சம் அடங்கினாத்தான் உண்மையச் சொல்லும்" என்பார். அதனால் பம்பின் முள் முப்பத்தாறு காட்டும்வரை வீட்டில் அடித்துவிட்டு, அதை நம்பாமல் இங்கே வந்து என் ஜன்னலுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து காற்றை அளக்கும் பித்தளை கேஜை எடுப்பார். உலகத்தில் அவர் நம்பிய ஒரே சாமான் அது. பின் டயருக்கு முப்பத்தாறு பவுண்டு என்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. கேஜ் நாற்பத்தொன்று காட்டும். "பாத்தியா, கூடப் போயிருச்சு" என்று வால்வை நகத்தால் அழுத்துவார். புஸ்ஸென்று போகும். முப்பத்தாறில் நிறுத்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

மறுநாள் காலை தன் கொட்டகையில் அதே கேஜை வைத்தால் முப்பத்தொன்று. அடுத்த ஞாயிறு மறுபடி பம்பு, மறுபடி இங்கே நாற்பத்தொன்று, மறுபடி புஸ். திங்கள் காலை மறுபடி முப்பத்தொன்று.

"அஞ்சு பவுண்டு காத்து எங்க போச்சு ரோ?"

"வால்வு ஒழுகுதோ என்னமோ."

"வால்வை மாத்திட்டேன். டயரத் தொட்டியில முக்கிப் பாத்தேன், ஒரு குமிழி வரல. டயர் மேல தப்பில்ல, வால்வு மேல தப்பில்ல. அப்போ மனுஷன்தான்."

கொட்டகைத் தரையில் கோதுமை மாவைத் தூவி வைத்தார். காலையில் அதில் ஓர் ஓணான் போன தடம்தான் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இவர், "தடத்தை அழிச்சுட்டு மறுபடி மாவு தூவத் தெரிஞ்சவன். அப்போ என்னை நல்லாத் தெரிஞ்சவன்" என்றார். அப்புறம் என் பக்கம் குனிந்து, "சாவி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

போன வருடம் க்ளைவ் அந்த பைக்கை விலைக்குக் கேட்டிருந்தார். நெவில் அதையும் இதையும் முடிச்சுப் போட்டுவிட்டார். "காத்து கம்மியா இருந்தா வளைவுல வண்டி ஆடும். நான் பயந்து வித்துருவேன்னு பாக்கறான்." வளைவில் வண்டி ஆடியது உண்மைதான், நானே பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் உள்ளுக்குள் க்ளைவ் மேல் சந்தேகம் தட்டியது. க்ளைவ் அதிகம் பேசமாட்டார். பேசாத ஆளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைக்கலாம் அல்லவா?

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. இரண்டு லாரிக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே நெவில் கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

"எதுக்கு?"

"குடுன்னா குடு."

புரிந்ததும் க்ளைவ் பாஸ்டியைத் தட்டில் வைத்தார். "நான் உன் டயரத் தொடல, நெவில்."

"வேற எவன்கிட்டய்யா என் வீட்டுச் சாவி இருக்கு?"

க்ளைவ் என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைத்தேன். க்ளைவின் சாவி வளையம் இறுகிப்போயிருந்தது. நகம் பிய்ய இழுத்துக் கழற்றி, சாவியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனார். பாதி பாஸ்டி தட்டிலேயே கிடந்தது.

அந்த வாரம் நெவிலுக்கு முழங்கால் வலி. திங்கட்கிழமை பம்பு அடித்ததோடு சரி, வண்டியை எடுக்கவில்லை. செவ்வாயிலிருந்து தினம் காலையில் எனக்கு ஃபோன். "இன்னிக்கும் முப்பத்தாறு, ரோ! சாவி கைக்கு வந்ததுலேர்ந்து ஒரு பவுண்டு குறையல!" இதை நான் பெட்ரோல் போட வந்த எல்லாரிடமும் சொன்னேன். வியாழக்கிழமை க்ளைவ் காரில் வந்தபோது, எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்காமல் எத்தனை லிட்டர் என்று மட்டும் கேட்டேன்.

ஞாயிறு வந்தது. நெவில் தனியாக வந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. கேஜை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் வெளியே போனேன்.

"நாப்பத்தொன்னு. எவனோ காத்து அடிச்சிருக்கான், ரோ."

"கிளம்பறப்ப எவ்வளவு இருந்துச்சு?"

"முப்பத்தாறு. வாரம் பூரா அடங்கின காத்துதானே, அங்கேயே பாத்தேன்."

"வழில எங்கயாவது நிறுத்தினீங்களா?"

"இல்லையே."

"அப்போ நூறு கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி பின்னாடி ஒருத்தன் பம்போட ஓடியே வந்தானா?"

நெவில் சிரிக்கவில்லை. வெறுங்கையை டயர் மேல் வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தார். அடுப்பில் ஏற்றிய வாணலி போலச் சுட்டிருக்கும்.

வண்டியை நிழலில் தள்ளி வைத்தோம். அரை மணிக்கு ஒரு தரம் அளந்தார். முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு, முப்பத்தேழு. யாரும் கிட்டே வரவில்லை, வால்வைத் தொடவில்லை. இருக்கைக்கு அடியிலிருந்து வண்டிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தாறுக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது, வண்டி ஓடும் முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்கவும் என்று. சூட்டில் ஏறின அஞ்சு பவுண்டை இந்த மனுஷன் வாராவாரம் தன் கையாலேயே திறந்துவிட்டிருக்கிறார்; டயர் ஆறியதும் மிஞ்சியது முப்பத்தொன்று. பம்பு அடித்ததோடு நம்பி விட்டிருந்தால் ஒரு பவுண்டுகூடப் போயிருக்காது. வாராவாரம் என் ஜன்னலுக்கு எதிரேதான் நடந்தது. புஸ் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

"க்ளைவ் வீட்டுக்கு நீயும் என்கூட வா ரோ" என்றார். முதல் முறையாக அவர் குரலில் பயம் தெரிந்தது. பங்க்கைப் பூட்டிவிட்டு என் காரில் பின்னாலேயே போனேன்.

க்ளைவ் வாசல் படியில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். நெவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சூடு, முப்பத்தேழு, புத்தகம், எல்லாம். கடைசியில், "தப்பு என்மேலதான்டா" என்றார். முப்பத்தொரு வருடக் கிடங்கு வேலையில் அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

"இப்போ நம்பறியா?" என்றார் க்ளைவ்.

"நம்பறேன். கேஜே சொல்லிருச்சே."

"அது சொல்லிச்சு, வந்துட்ட. நான் சொன்னப்போ?"

நெவில் சட்டைப் பையில் சாவியைத் துழாவினார். க்ளைவ் என் பக்கம் திரும்பினார். "எத்தனை லிட்டர்னு கேட்டியே ரோ, நாப்பது லிட்டர் போட்டேன். வீடு வந்து சேர்ற வரைக்கும் மனசு ஆறல." எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

நெவில் சாவியை நீட்டினார். க்ளைவ் வாங்கவில்லை. கோபமாகவும் இல்லை. "வெச்சுட்டுப் போ, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நெவில் சாவியைப் படியில் வைத்தார். பைக் வரைக்கும் நடந்து போனவர் நின்றார். திரும்பினார். வெறும் மண் ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நாலு கிலோமீட்டருக்கு ஈ காக்கை இல்லை.

"இங்க கிடந்தா எவனாவது எடுத்துட்டுப் போயிருவான்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஓங்கி ஒரு அறை விடலாமா என்று வந்தது எனக்கு. அதற்குள் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். கம்பிவலைக் கதவுக்குப் பின்னால் க்ளைவ் நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறக்கக் கை வைத்திருந்தவர், கையை எடுத்துவிட்டார்.