பதினேழாம் வரியில் போட்ட சரி

1. தை மாதம், வெள்ளம் கடலுக்கு வடிய வாவியின் முகத்துவாரத்தை வெட்டி விட்ட மறுவாரம், எங்கள் படகின் நன்னீராக்கியை வாவியில் வைத்துச் சோதித்தேன். நன்றாக ஓடியது.
2. அன்று மாலை சோதனைப் பட்டியலின் பதினேழாம் வரிக்குச் சரி போட்டேன்.
3. பங்குனிக் கடைசியில் நானும் அக்காவும் அந்தப் படகில் கிழக்கே புறப்பட்டோம். எஞ்சின் இல்லை, பாய் இல்லை. துடுப்பு வலித்தே வங்காள விரிகுடாவைக் கடந்து, நாற்பது நாட்களில் சுமாத்திராக் கரையைப் பிடிப்பது திட்டம்.
4. நான்காம் நாள் நன்னீராக்கியில் தண்ணீர் குறைந்தது. காரணம் எனக்கு அன்றைக்கே தெரிந்தது. சொல்லவில்லை.
5. ஒன்பதாம் நாள் அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை.
6. பதினோராம் நாள் ஒரு பலநாள் மீன்பிடிப் படகு எங்களை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தது.
7. அக்காவின் உடம்பு கடலுக்குத் தாங்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

எதையும் இலக்கமிட்டு எழுதுவது தொழில்நுட்பக் கல்லூரியில் பிடித்த பழக்கம். மேலே உள்ளது, பயணத்தை ஏற்பாடு செய்து படகைத் தந்த குழுவுக்கு நான் எழுத வேண்டியிருந்த அறிக்கையின் சுருக்கம். அதை எழுத எனக்கு ஏழு வாரம் பிடித்தது. நான்காம் இலக்கத்தில்தான் ஒவ்வொரு முறையும் நின்றேன்.

அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பாசிக்குடாவில் ஒரு விடுதியில் வெள்ளைக்காரர்களைச் சிறு படகுகளில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப்போவது அவருடைய வேலை. அந்த விடுதிப் படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்களைத் திருத்தப் போன இடத்தில்தான் பழக்கம். கடல் கடக்கும் படகு ஒன்று கிடைக்கப்போகிறது, இயந்திரம் தெரிந்த துணை வேண்டும் என்று ஒருநாள் கேட்டார். நான் வாவிக்கரையில் பிறந்தவள். ஆறு வயதில் தோணி வலித்தவள். யோசிக்காமல் ஓம் என்றேன்.

இரண்டு வருடம் பயிற்சி எடுத்தோம். கிழமையில் நான்கு நாள் வாவியில் களுதாவளைப் பக்கம் போய்த் திரும்புவோம். கடல் அமைதியான மாதங்களில் கரையோரமாக வடக்கே வலிப்போம். அக்கா முன் இருக்கையில், நான் பின்னால். அவருடைய கழுத்துப் பின்புறத்து வெயில் கோட்டை என் கையெழுத்தைப் போல எனக்குத் தெரியும்.

நன்னீராக்கி என்பது கடல்நீரை மிக நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் கருவி. தண்ணீரில் உப்பு எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு அழுத்தம் வேண்டும். நாங்கள் வாங்கியது ஏற்கெனவே ஒருவர் பாவித்தது. அதன் பம்பில் ஒரு சீல் தேய்ந்திருந்தது. அதைக் கடல்நீரில் ஓட்டிப் பார்த்தால் மட்டுமே கண்டுபிடிக்கலாம்.

தையில் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அலையைத் தாண்டிப் படகை இறக்க வழியில்லை. எங்கள் வீட்டுப் படித்துறையில் கட்டிவைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினேன். அப்பா வலைக்குப் போய்வந்து தோணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள, ஆத்துத் தண்ணியையோ வடிக்கிறாய்?"

எங்கள் பக்கத்தில் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள்.

"ஓம் அப்பா. கடலுக்குள்ள இறக்க ஏலாது. அலையப் பாத்தீங்கதானே."

அப்பா குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். வலை விடுமுன் தினமும் அவர் செய்வது அது. உப்பின் அளவைக் கொண்டு இறால் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்.

"சப்பெண்டு கிடக்கு. வயல் வட்டைக்குள்ள நிண்ட வெள்ளமெல்லாம் இஞ்சதான் வருகுது. இதக் குடிக்க மிசின் என்னத்துக்குகா? துணியால வடிச்சாக் காணாதா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு இறால் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். வடிந்த தண்ணீரில் உப்புமானியை வைத்தேன். மிகச் சிறிய எண். பெருமையாக இருந்தது.

அந்தப் பட்டியலில் அறுபத்து மூன்று வரிகள். எல்லாம் நானே எழுதியவை. பதினேழாம் வரி: "நன்னீராக்கி, கடல்நீரில், இரண்டு மணி நேரம்." அதற்குச் சரி போட்டபோது பொய் எழுதுகிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. வீட்டில் குடிக்கக் கிணறு, மற்றதெல்லாம் உப்புத் தண்ணீர். அப்படித்தான் வளர்ந்தோம். கோடையில் வாவியில் குளித்துவிட்டு வந்தால் தோலில் வெள்ளை படியும். வாவிக்கரைப் பிள்ளையின் மனதில் அது எந்த மாதமும் உப்புத் தண்ணீர்தான். அப்பாவின் வாய்க்குத் தெரிந்தது என் கைக்குத் தெரியவில்லை.

கடலில் முதல் மூன்று நாள் நன்றாகவே போனது. இரண்டு மணி நேரம் வலிப்பது, இரண்டு மணி நேரம் படுப்பது. ஒருவர் வலிக்க மற்றவர் படகின் பின்முனையில் உள்ள சவப்பெட்டி அளவு அறைக்குள் கிடப்பார். கதவைத் திறந்தால் அலை உள்ளே வரும், மூடினால் மூச்சு முட்டும். உள்ளங்கைத் தோல் இரண்டாம் நாளே கழன்றது. அக்கா தன் செபமாலையைக் காலடிப் பலகையில் கட்டியிருந்தார். ஒவ்வொரு முறை துடுப்பு வலிக்கும்போதும் அது பலகையில் தட்டும். அந்தச் சத்தம் இருந்தால் நான் நிம்மதியாக உறங்குவேன்.

முதல் மூன்று நாளும் கரையில் நிரப்பிய தண்ணீரைக் குடித்தோம். நான்காம் நாள் காலை நன்னீராக்கியைப் போட்டேன். நூல் போல வந்தது. மூடியைக் கழற்றி அழுத்தமானியைப் பார்த்தேன். முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. அப்போது அப்பா துப்பியது ஞாபகம் வந்தது. தையில் நான் பார்த்திருக்க வேண்டியது இதுதான்.

"என்னவாம்?" என்றார் அக்கா, துடுப்பை நிறுத்தாமல்.

"பம்பில பிழை அக்கா."

"திருத்த ஏலுமா?"

"இஞ்ச வெச்சு ஏலாது."

அவர் துடுப்பை நிறுத்தினார். "அப்ப கிறுகுவமா?"

திரும்பிவிடுவோமா என்று அக்கா அப்படி நேராகக் கேட்டார். கரை அப்போது மூன்று நாள் தூரம். திரும்பினால் கருவியைக் கழற்றிப் பார்ப்பார்கள். எங்கே சோதித்தாய் என்று கேட்பார்கள்.

"கைப்பம்பு இருக்குத்தானே. போவம்," என்றேன்.

கையால் அமுக்கிக் கடல்நீரை நன்னீராக்கும் சிறிய கருவி அது. ஒரு மணி நேரம் அமுக்கினால் ஒரு போத்தல். வலிக்காத நேரத்தில் அமுக்கினோம். படகின் அடியில் முத்திரையிட்ட அவசரத் தண்ணீர் இருந்தது. அந்த முத்திரையை உடைத்தால் பயணத்தை வெற்றியாக எடுக்கமாட்டார்கள் என்பதால், தொடவேண்டாம் என்று சொன்னவளும் நான்தான்.

குடித்த தண்ணீரைக் குறிப்பேட்டில் எழுதி வந்தேன். எனக்குச் சிவப்பு மூடிப் போத்தல், அக்காவுக்கு நீலம். எட்டாம் நாள் உறங்கி எழும்பியபோது என் போத்தலில் நான் எழுதியிருந்ததைவிட நான்கு விரல் கூடுதலாக இருந்தது. குறிப்பில்தான் பிழை என்று நினைத்துத் திருத்தி எழுதினேன். அந்த வெட்டுக்கோடு இப்போதும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த நாள் செபமாலைச் சத்தம் நின்றது. வெளியே வந்து பார்த்தேன். அக்கா இருக்கையில் சரிந்து, இடுப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். உதடு வெடித்திருந்தது. முத்திரையை உடைத்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். செய்மதித் தொலைபேசியில் உதவி கேட்டேன். இரண்டு நாள் தனியே வலித்தேன், படகை அலைக்கு நேராக வைத்திருக்க மட்டும்.

வந்த மீன்பிடிப் படகின் ஓட்டி வாழைச்சேனைக்காரர். அக்காவைத் தூக்கி ஏற்றிவிட்டு எங்கள் படகைச் சுற்றிப் பார்த்தார்.

"எஞ்சின் எங்க தங்கச்சி?"

"எஞ்சின் இல்ல அண்ணன். வலிச்சுத்தான் வந்த நாங்க."

"கரையில இருந்து இஞ்ச மட்டுமா?" தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களாடா? நீங்க வலை இழுக்கவே முனகுறீங்க."

அவர்கள் சிரித்தார்கள். அக்காவும் கண்ணை மூடியபடியே சிரித்தார். எங்கள் படகை இழுத்துப்போக நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் தண்ணீர் காணாமல் சிறுநீரகம் கெட்டிருக்கிறது, தேறும், ஆனால் நாள் எடுக்கும் என்றார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "இந்த வயசில உனக்கு இது தேவையா புள்ள?" அக்கா, "ஓம் ஓம், கிழவிதானே நான்," என்று பகிடியாக விட்டுவிடுவார். அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

பிறகு குழுவிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த பங்குனியில் மீண்டும் முயற்சிக்கலாம். என் இடம் உறுதி. அக்காவின் உடல்நிலையைப் பார்க்கும்போது அவருக்குப் பதில் இளையவர் ஒருவரைத் தேட எண்ணுகிறார்கள். முடிவெடுக்க என் அறிக்கை வேண்டும்.

அக்கா இந்தப் பயணத்துக்காகக் கலியாணத்தைத் தள்ளிப்போட்டவர், பிறகு வேண்டாம் என்றே விட்டவர். அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை. ஏழாவது வாரம் அறிக்கையை முடித்து, அனுப்பாமல் எடுத்துக்கொண்டு பாசிக்குடாவுக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா வேலைக்குத் திரும்பியிருந்தார். துடுப்புப் பிடிக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்ததால் கரையில் நின்று துடுப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாகா. மெலிஞ்சு போனாய்."

"அக்கா, பதினேழாம் வரி பொய்."

"என்னகா பதினேழு?"

சொன்னேன். வாவி, வெள்ளத் தண்ணீர், தேய்ந்த சீல், சரி அடையாளம். அக்கா குழாயை நிறுத்தவில்லை. ஒரு துடுப்பைக் கழுவிச் சாத்திவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"சரி, பிழை விடாத ஆள் ஆரு," என்றார். பிறகு கை நின்றது. "நாலாம் நாளே உனக்குத் தெரியுமா?"

"ஓம்."

"நான் கிறுகுவமா எண்டு கேக்கக்குள்ள?"

"ஓம் அக்கா."

தண்ணீர் மணலில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கையிலிருந்த துடுப்பைக் கழுவாமலே சாத்தினார்.

"நீ படுத்துக் கிடக்கக்குள்ள என்ட போத்தல்ல இருந்து உனக்கு ஊத்தின நான். சின்னப் புள்ள, காயுதே எண்டு." குரல் உயரவில்லை. "தெரிஞ்சிருந்தா ஊத்தியிருக்க மாட்டன்."

வெட்டுக்கோடு போட்ட அந்தப் பக்கம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"மறுகா என்ன? இத எழுதப் போறியா?"

"எழுதியாச்சு. அனுப்ப முதல் உங்களுக்குச் சொல்ல வந்த நான்."

"அனுப்பு." குழாயைப் பூட்டினார். "போகக்குள்ள அந்தத் துடுப்பெல்லாத்தையும் உள்ள வெச்சிட்டுப் போ. எனக்குத் தூக்க ஏலா."

பதினாறு துடுப்புகள். இரண்டிரண்டாக உள்ளே வைத்தேன். வெளியே வந்தபோது அக்கா இல்லை. திரும்பும் பஸ்ஸில் இருந்தபடியே அறிக்கையை அனுப்பினேன்.

இன்றைய நிலை இது. வைத்தியர் எழுதிக் கொடுத்தால் அக்காவின் இடம் அவருக்கே என்று குழு உறுதி செய்துள்ளது. பின் இருக்கையில் யார் வருவது என்பதை அவரே தீர்மானிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அவர் இன்னும் பதில் எழுதவில்லை. எனக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. பம்புக்குப் புதிய சீல் போட்டாயிற்று. போன கிழமை கடல் அடங்கியதும் கருவியை ஒரு மீன்பிடிப் படகில் ஏற்றி, அலைக்கு அப்பால் கொண்டுபோய், தண்ணீரை முதலில் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரம் ஓட்டினேன். நன்றாக ஓடியது. பதினேழாம் வரிக்கு நான் சரி போடவில்லை. பட்டியலை அக்காவின் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன்.