கடைசிக் காசு

பதிவேட்டில் ஒரு கட்டம் இருந்தது. 'மாதிரி எடுத்த சமயம்' என்று அதன் தலையில் அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே 'கடைசி' என்று நான் எழுத வேண்டும். இரண்டு வருடத்துக்கும் மேலாக எழுதினேன். முத்து முத்தான கையெழுத்து என்று கெமிஸ்ட் சார் மெச்சுவார். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. எழுதியதுதான் பொய்.

தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டை ஒட்டியிருந்த ஓர் இரும்பு வார்ப்புப் பவுண்டரியில் எனக்கு வேலை கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிருந்தது. லேப் என்று சொன்ன ஒற்றை அறையில் கெமிஸ்ட் சாரும் நானும்தான் இருந்தோம். அவர் பட்டம் படித்தவர். நான் அவர் சொல்வதைச் செய்கிறவள். கெட்டித்தன்மை பார்க்கிற இயந்திரம், தேய்ப்பதற்கு ஒரு சுழலும் தட்டு, ஒரு மைக்ராஸ்கோப், தூசி படியாமல் அதைப் போர்த்த ஒரு மஞ்சள் துண்டு. இவ்வளவுதான் லேப்.

பவுண்டரியில் டிராக்டர் டிரெய்லருக்கு ஹப் வார்த்தார்கள். சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்து மொத்த பாரத்தையும் தாங்குகிற பாகம் அது. சாதாரண வார்ப்பு இரும்பு அதற்கு ஆகாது. ஓங்கி ஒரு போடு போட்டால் பானை மாதிரி உடைந்துவிடும். அதனால் உருகிய இரும்பில் மெக்னீசியம் கலந்த கட்டிகளைப் போடுவார்கள். போட்டதும் கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சம் எழும்பும். அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்தவர்கள். குச்சி முனையில் வைக்கிற கலவையை மருந்து என்று சொல்லிப் பழகிய வாய், இதையும் மருந்து என்றே சொன்னது.

மருந்தின் வேகம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். பத்து நிமிடத்துக்குள் லேடிலில் இருக்கிற இரும்பு முழுவதையும் அச்சுகளில் ஊற்றிவிட வேண்டும். லேடில் என்பது உருகிய இரும்பைச் சுமக்கும் பெரிய வாளி. தாமதமானால் மருந்து செத்துப்போகும். இரும்பு பழையபடி பானையாகிவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் லேடிலின் அடியில் கிடக்கிற கடைசி இரும்பில் ஒரு வில்லை வார்ப்பார்கள். ரூபாய் நாணயம் அளவில் இருந்ததால் அதற்குப் பெயர் காசு. அதை நான் எமரித் தாளில் தேய்த்து, வெல்வெட் துணியில் கண்ணாடி போல மினுக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பேன். வெள்ளைத் தரையில் கம்மம்புல் சிந்தியதுபோல உருண்டை உருண்டையாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் இரும்பு நல்லது. புழு நெளிந்ததுபோலத் தெரிந்தால் கெட்டது.

"கடைசி நல்லாயிருந்தா அதுக்கு முன்னால ஊத்தினது எல்லாம் நல்லாயிருக்கும். முதல் இரும்பைப் பார்த்து ஒரு புண்ணியமும் இல்லை. புரியுதாம்மா?" என்று முதல் நாளே கெமிஸ்ட் சார் கேட்டார். நான் தலையாட்டினேன். புரியாமல் இல்லை.

ஆனால் கடைசி இரும்பு ஊற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஊற்றி முடிக்கிற நேரத்தில் அச்சு போடுகிறவர்கள் வேலையை முடித்துவிட்டு அந்தத் தொட்டியைச் சுற்றிக் குளிப்பார்கள். இருபது இருபத்தைந்து ஆண்கள், இடுப்பில் ஈரத்துண்டோடு. நான் கையில் இடுக்கியோடு அவர்கள் நடுவே நின்று காசு எடுக்க வேண்டும். மூன்று நாள் நின்றேன். "ஏலே, டெஸ்டுக்காரி வந்தாச்சு, துண்டை இறுக்கிக் கட்டுங்கலே" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கேலிதான், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. எனக்குக் காது எரிந்தது.

வார்ப்பில் ஓட்டை விழுவதற்காக அச்சுக்குள் வைக்கிற மணல் கருக்கட்டைகளைச் செய்கிற பெண்களிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அவர்களில் ஒருத்தி வெற்றிலையை மென்றுகொண்டே, "ஏட்டி, குளிக்கிறவன் வெக்கப்படலை. பாக்குறவ நீ எதுக்கு வெக்கப்படுத?" என்றாள். அதற்கும் சிரிப்பு.

நாலாம் நாள், லேடிலில் மருந்து போட்டதுமே போய் நின்றேன். உலையைப் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சிதான் மருந்து போடுவதும் ஊற்றுவதும். கழுகுமலைப் பக்கத்துக்காரர். வெக்கையில் கன்னங்கள் எப்போதும் சிவந்திருக்கும்.

"என்ன தாயி, இப்பவே வந்துட்ட?"

"முதல்லயே ஒண்ணு ஊத்திக் கொடுத்திருதீங்களா அண்ணாச்சி?"

அவர் தொட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "எல்லாம் ஒரே இரும்புதான, பிடி" என்று காசு அச்சில் ஊற்றினார். அது ஆறியதும், "மொதலாளி தராட்டியும் பிள்ளைக்கு நான் காசு கொடுத்துட்டேம்லே!" என்று உரக்கச் சொன்னார். சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. நான் அதற்குள் லேப்புக்கு வந்துவிட்டேன்.

அதுவே வழக்கமாகிப்போனது. முதல் காசு, பதிவேட்டில் 'கடைசி'. அண்ணாச்சி எப்போதும் பத்து நிமிடத்துக்குள் ஊற்றி முடிக்கிறவர் என்பதால் ஒரு கெடுதலும் வரவில்லை. எல்லாமே கம்மம்புல்தான்.

ஒரு வைகாசி மாதத்து மத்தியானம், பாதி அச்சுகள் நிரம்பியபோது கரண்டு போனது. லேடிலைத் தூக்கி நகர்த்துகிற மோட்டார் நின்றுவிட்டது. ஆட்கள் ஓடிவந்து கைச்சங்கிலியில் இழுத்து இழுத்து நகர்த்தினார்கள். நான் முதல் காசை இடுக்கியில் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்திருந்தேன். அண்ணாச்சி பின்னாலிருந்து கத்தினார்:

"தாயி! இன்னைக்கு லேட்டாயிட்டு. கடைசியிலயும் ஒரு காசு ஊத்துதேன். தொட்டிச் சுவர்ல வச்சிருப்பேன், வந்து எடுத்துக்கோ. கெட்டிருந்தா சொல்லு, இந்த ஈடு பூராத்தையும் உடைச்சுப் போட்டுருவோம்."

"சரி அண்ணாச்சி" என்றேன்.

லேப்பின் ஜன்னல் வழியாகத் தொட்டி தெரியும். குளியல் அன்றைக்குத் தாமதமாகத்தான் தொடங்கியது. எல்லாரும் போன பிறகு போய் எடுக்கலாம் என்று காத்திருந்தேன். அவர்கள் போகவில்லை. கருக்கட்டைப் பெண்கள் டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பி, "வாரியா இல்லையா?" என்று கூப்பிட்டார்கள். முதல் காசில் பார்த்ததை வைத்து 'தேர்ச்சி' என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் 'கடைசி'. நாளைக்குக் காலையில் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை நான் பையை வைப்பதற்குள் அண்ணாச்சி லேப் வாசலில் நின்றார்.

"எப்பிடி இருந்துச்சு தாயி?"

இன்னும் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கெமிஸ்ட் சார் உள்ளே உட்கார்ந்திருந்தார். "நல்லாருக்கு அண்ணாச்சி" என்றேன்.

"அப்பாடா. ராத்திரி பூரா தூக்கமில்லை பாத்துக்கோ" என்று சிரித்துக்கொண்டே போனார். அந்த ஈட்டில் வார்த்த ஹப் எல்லாம் அன்றைக்கே வண்டி ஏறின. அதற்கு மேல் சுவரில் இருந்த காசை எடுத்துப் பார்க்க நான் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, புதூர்ப் பக்கம் மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றிப்போன டிரெய்லர் ஒன்றில் ஹப் உடைந்து சக்கரம் கழன்றது. மூட்டை மேல் உட்கார்ந்திருந்த லோடுமேன் கீழே விழுந்து, அவர் கால் மேல் டிரெய்லர் சாய்ந்துவிட்டது. உயிர் பிழைத்தார். காலை எடுக்க வேண்டியதாயிற்று என்று கேள்விப்பட்டேன்.

உடைந்த ஹப் லேப்புக்கு வந்தது. அதில் பதிந்திருந்த ஈட்டு எண்ணைப் பார்த்ததுமே எனக்குக் கரண்டு போன நாள் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு துண்டு அறுத்துத் தேய்க்கச் சொன்னார் கெமிஸ்ட் சார். தேய்த்தேன். மைக்ராஸ்கோப்பில் முதலில் பார்த்தவளும் நான்தான். புழுக்கள். ஓர் உருண்டைகூட இல்லை. சார் பழைய காசுகளைப் போட்டு வைக்கிற பெட்டியிலிருந்து அதே எண்ணுள்ள காசை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அது கம்மம்புல். இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு முதலாளி அறைக்குப் போனார்.

சற்று நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தார். முதலாளி முன்னால் என் பதிவேடு விரிந்திருந்தது.

"கடைசி இரும்பு நல்லாருக்குன்னு இதுல எழுதிருக்கு. காசும் இருக்கு. அப்ப மருந்து போட்ட இரும்பு கடைசி வரைக்கும் நல்ல இரும்பு. உடைஞ்சது மருந்தே போடாத இரும்பு. உலையில கெடந்த மிச்சத்தை ஊத்தி எண்ணிக்கை காட்டிருக்கீரு, அப்படித்தான?"

"இல்ல மொதலாளி. கரண்டு போச்சு. லேட்டாயிட்டு..."

"லேட்டாகி மருந்து செத்திருந்தா அவ எடுத்த காசுல தெரிஞ்சிருக்கும்லா?"

அண்ணாச்சிக்கே குழப்பமாக இருந்ததை முகத்தில் பார்த்தேன். என் பக்கம் திரும்பி, ரொம்பவும் பதமாகக் கேட்டார்: "தொட்டிச் சுவர்ல வச்சேனே, அந்தக் காசைத்தான தாயி பாத்த?"

அறையில் நான்கு பேர்தான். மின்விசிறியில் பதிவேட்டின் தாள் படபடத்தது. முதலாளி அதை விரலால் அமுக்கிக்கொண்டார். ஆண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் போகவில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டு வருடமாகவே போகவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். 'குளித்துக்கொண்டிருந்தார்கள்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது.

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். முதலில் ஊற்றிக் கொடுப்பதுதான் வழக்கம் என்று அவரே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று சாயங்காலத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். போகும்போது தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உலைக்கு முன்னால் நிற்கும்போது போடுகிற நீலக் கண்ணாடி ஆணியிலேயே தொங்கியது.

ஒரு வாரம் கழித்து, யாரும் இல்லாத மத்தியான நேரத்தில் தொட்டிக்குப் போனேன். சுவரின் மேல், வழுக்கி விழாதபடி ஒரு சிவப்பு சோப்பை எதன் மேலோ வைத்திருந்தார்கள். சோப்பைத் தூக்கினால் அடியில் காசு. துருப்பிடித்து, சோப்புக்கறை படிந்து, அப்படியே இருந்தது. இரண்டு மாதமாக இருபது பேர் கைபட்டும் யாரும் அதை எடுத்து எறியவில்லை.

தேய்த்துப் பார்த்தேன். புழுக்கள்.

கதவு திறந்தது. "என்னம்மா பாக்குற?" என்றார் கெமிஸ்ட் சார். அந்தக் காசை அவர் கையில் கொடுத்திருந்தால் அண்ணாச்சியை அன்றைக்கே திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "பழைய பீஸ் சார், தேய்ச்சுப் பழகுதேன்" என்று சொல்லிவிட்டு, அதை என் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

புதிதாக வந்த உலைக்காரரிடம் முதல் நாளிலிருந்தே கடைசிக் காசுதான் எடுத்தேன். ஈரத்துண்டுக்காரர்கள் நடுவே போய் நின்றேன். ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "தள்ளி நில்லும்மா, தெறிக்கும்" என்றார். அவ்வளவுதான். இதற்காகவா என்று தோன்றியது.

நான்கைந்து வருடம் போயிருக்கும். கல்யாணமாகி, வேலையை விட்டிருந்தேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் கழுகுமலை பஸ் நிற்கிற இடத்தில் அண்ணாச்சியைப் பார்த்தேன். நான் முதலில் பார்த்துவிட்டதால் நழுவப் பார்த்தேன். அதற்குள், "தாயி!" என்ற குரல் வந்துவிட்டது.

"நல்லாருக்கியா? பிள்ளைக எத்தனை?"

சொன்னேன். அவர் மெலிந்திருந்தார். கன்னத்தில் அந்தச் சிவப்பு இல்லை. எங்கே வேலை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து கலக்குதேன். எங்க போனாலும் நமக்கு மருந்துதான் பாத்துக்கோ" என்று சிரித்தார். சிரிப்பு பழைய சிரிப்புதான்.

பஸ்ஸில் டிரைவர் ஏறி உட்கார்ந்தார். அண்ணாச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"சுவர்ல வச்ச காசை எடுத்துட்டியா?"

நான் பஸ்ஸின் ஊர்ப்பலகையைப் பார்த்தேன்.

"அன்னைக்கு மூஞ்சி கழுவும்போது பாத்தேன். சோப்புக்கு அடியில அங்கனயே கெடந்துச்சு" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

அன்றைக்கே பார்த்திருக்கிறார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குத் திரும்பிப் போக இருபது அடி தூரம்கூட இல்லை. ஏன் போகவில்லை என்று கேட்க எனக்கு என்ன தகுதி?

"எடுத்துட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

பஸ் உறுமியது. அவர் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார். லேப் வாசலில் நின்று அன்றைக்குக் காலையில் கேட்டாரே, அதே மாதிரி கேட்டார்.

"எப்பிடி இருந்துச்சு?"

"புழு" என்றேன்.

தலையை ஆட்டினார். "நானும் அதான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஏறி, ஜன்னல் ஓரமாக இடம் பார்த்து உட்கார்ந்தார்.